ஏழுமலை லேட்டாகத் திரும்பவில்லை

போன மாதம் சங்கத்து ஆட்கள் என்னைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் காலத்து ஸ்டண்ட்காரர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் நாலைந்து பேர். அதில் கைத்தடி இல்லாமல் நடப்பவன் நான் ஒருவன், அதனால் எனக்கு அழைப்பு. காற்றடைத்த பெரிய மெத்தை, இடுப்பில் மாட்டும் பட்டை, இழுத்துப் பிடிக்கும் கம்பி என்று எல்லாம் வைத்திருந்தார்கள். சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மேடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குதிக்கத் தயாராக நின்றார். கீழே நின்று சொல்லிக்கொடுத்தவர் அவரைப் பார்த்துக் கத்தினார்.

“தாடைய உள்ள வை! ஏழுமலை ஆயிடாத!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தியவரைத் தனியாகக் கூப்பிட்டு, “யாருங்க அந்த ஏழுமலை?” என்று கேட்டேன்.

“அது ஒரு பேச்சு சார். லேட்டா திரும்பினா நாங்க ஏழுமலைன்னு சொல்லுவோம். எங்க மாஸ்டர் சொல்லுவாரு, அவரோட மாஸ்டரும் சொல்லுவாராம். யாரோ பழைய ஆளு, திரும்பத் தெரியாம குதிச்சு முதுக ஒடச்சிக்கினாராம்.”

டீ கொடுத்தார்கள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வயசானவர், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் இல்லை. நாற்பது ஐம்பது வருஷமாகத் தொண்டையில் நிற்கிற ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை எழுதிவிடுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். பக்குவமாக எழுதச் சொல்கிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

நான் கிழக்குத் தாம்பரம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நானும் வாத்தியாராவேன் என்று அவர் எதிர்பார்த்தார். நான் பல்லாவரத்தில் ஒரு கொட்டகையில் பார் விளையாடப் போய், அங்கே சிலம்பம் கற்று, அங்கிருந்து ஒரு சண்டைப் பயிற்சி மாஸ்டரின் குழுவில் சேர்ந்தேன். அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மட்டும் நகர்த்துவார். பிறகு சரியாகிவிட்டார். அறுபதுகளின் தொடக்கம் அது. தினமும் விடியும்போது ஏரிக்கரை மைதானத்தில் பயிற்சி, பிறகு மின்சார ரயிலைப் பிடித்துக் கோடம்பாக்கம்.

தொழில் கற்ற கதையை நீட்ட வேண்டாம். விழக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். முதல் ஒரு வருஷம் மாஸ்டர் எங்களை யாரையும் அடிக்க விடவில்லை. விழு, எழுந்திரு, விழு. அடிப்பது கதாநாயகர் வேலை, விழுவது நம் வேலை என்பார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கதாநாயகரின் குத்து தவறி நிஜமாகவே நம் மேல் விழுந்தால், நாம்தான் அவரிடம் ‘சாரி சார்’ சொல்ல வேண்டும். நம் முகம் அவர் கைக்குக் குறுக்கே வந்துவிட்டதாம். ஒருவர் என் கடைவாய்ப் பல்லைப் பெயர்த்தார். வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு அவரிடம் ‘சாரி சார்’ என்றேன். அவர் கையை உதறிக்கொண்டு, “பரவால்லப்பா, அடுத்த தடவ பாத்து” என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தாம்பரம் வந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அடி வாங்கியவன் மன்னிப்புக் கேட்பது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். கத்துகிற மனிதர் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் வருவார். எல்லோரையும் ராஜா என்றுதான் கூப்பிடுவார். விளக்குப் பிடிக்கிறவரும் ராஜா, நாங்களும் ராஜா. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் கிட்டே போய்க் குனிய வேண்டும். குனிந்து குனிந்தே அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டப் பழகினோம்.

வேலையில் அவர் கெட்டி, அதை மறுக்க மாட்டேன். உயரத்திலிருந்து குதிக்கிற காட்சி என்றால் கீழே போடுகிற படுக்கையை அவரே நின்று போடுவிப்பார். முதலில் தரையில் மணல். சல்லடையில் சலித்த மணல், ஒரு பொடிக்கல் இருக்கக் கூடாது. அதன்மேல் இடுப்பு உயரத்துக்கு வைக்கோல். கட்டோடு போடக் கூடாது, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து உதறிப் போட வேண்டும். அதன்மேல் தேங்காய்நார் மெத்தை இரண்டு வரிசை. அதன்மேல் பஞ்சு மெத்தை. எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடி ஓரத்தை இறுக்கிக் கட்டுவோம். பிறகு மூட்டை. குதிக்கப் போகிறவனின் எடைக்கு ஒரு கோணியில் மணல் நிரப்பி, அவன் குதிக்கப் போகும் இடத்திலிருந்தே மூன்று முறை போடுவோம். ஒவ்வொரு முறையும் மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுக்கைக்கு அடியில் தோள் வரைக்கும் கை நுழைத்து, எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். அவர் சரி என்ற பிறகு கீழே நிற்கிற ஆள் மேலே பார்த்துத் துண்டை ஆட்டுவான். துண்டு ஆடினால் படுக்கை தயார் என்று அர்த்தம். மேலே இருக்கிறவன் அந்தத் துண்டை நம்பித்தான் குதிக்கிறான். படுக்கையில் ஒரு கை வைக்கோலைக் கூட்டினாலும் குறைத்தாலும் மறுபடி மூன்று மூட்டை போட வேண்டும். இது மாஸ்டர் போட்ட சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. இது படக் கம்பெனிகள் போட்டது. டூப் போடுகிறவன் கதாநாயகரின் உடையோடு யார் கண்ணிலும் படக் கூடாது. ஷாட் முடிந்ததும் ஒருவன் போர்வையோடு ஓடிப்போய் அவன் தலையோடு மூட வேண்டும், ஐந்து நிமிஷத்துக்குள் உடை மாறிவிட வேண்டும். இதை எத்தனையோ முறை செய்து எங்கள் கை தானாகவே செய்யும். யோசிக்கவே மாட்டோம்.

ஏழுமலை எங்கள் குழுவில் டூப் போடுகிறவன். கீழ்க்கட்டளைக்காரன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் நீளம். என்னை அவன் கூப்பிடுவது ‘டேவிட்டு’ என்று. நான் இஸ்திரி போட்ட சட்டையோடு பயிற்சிக்கு வந்தால், “இன்னா டேவிட்டு, சர்ச்சுக்கு வழி தப்பி வந்துட்டியா?” என்பான். மேலிருந்து குதிப்பதில் அவனைப்போல் ஒருவனை நான் பார்த்ததில்லை. கையை விரித்து முகம் கீழே பார்க்க விழ வேண்டும். பாதி உயரம் வந்ததும் தாடை மார்பைத் தொட வேண்டும், உடம்பு சுருண்டு திரும்ப வேண்டும், முதுகு முழுசாகப் படுக்கையில் பதிய வேண்டும். சீக்கிரம் திரும்பினால் கேமராவில் அசிங்கமாகத் தெரியும். லேட்டாகத் திரும்பினால் கழுத்து போகும். இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கிற நேரம்தான். ஏழுமலை அந்த நேரத்தை ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. அதில் அவனுக்கு அத்தனை பெருமை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ராஜா ராணிப் படம். திருநீர்மலைப் பக்கம் ஒரு கல்குவாரியில் படப்பிடிப்பு. கதாநாயகர் வாள்சண்டை போட்டுவிட்டுப் பாறை உச்சியிலிருந்து குதிக்கிற காட்சி, முப்பது அடிக்கு மேல் இருக்கும். டூப் ஏழுமலை. உடை ஜரிகை வேலை செய்த இறுக்கமான சட்டை, முதுகுப் பக்கம் மேலிருந்து கீழே பன்னிரண்டு கொக்கி. தானாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. அன்றைக்கு ஒரு பத்திரிகைக்காரரும் போட்டோ எடுப்பவரும் வந்திருந்தார்கள். கதாநாயகர் டூப் இல்லாமல் தானே குதிக்கிறார் என்று சொல்லிக் கம்பெனி அவர்களை வரவழைத்திருந்தது. ஷாட் எடுக்கும்போது அவர்களைப் பாறைக்கு அந்தப் பக்கம் பந்தலில் உட்கார வைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையிலேயே படுக்கை போட்டு மூன்று மூட்டையும் போட்டாகிவிட்டது. மாஸ்டர் கைவிட்டுப் பார்த்துச் சரி என்றார். ஏழுமலை மேலே ஏறிவிட்டான். அவன் ஏறிய பிறகுதான் கேமராக்காரர் படுக்கையின் விளிம்பு படத்தில் தெரிகிறது என்றார். கேமராவை மாற்றினால் பின்னால் மின்கம்பம் தெரியும். டைரக்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என்னையும் இன்னொருவனையும் பார்த்து, “ஒரு வரிசை நார் மெத்தைய உருவிடுங்க ராஜா” என்றார். உருவினோம். படுக்கை அரை அடி இறங்கியது.

“மறுபடி மூட்டை போடணுமே மாஸ்டர்” என்றேன்.

“வெளிச்சம் போயிடும் ராஜா. ஏழுமலைக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார். எப்போதும்போல் மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய சட்டத்தை அவரே அத்தனை மெதுவாக உடைத்தார்.

மேலே இருந்தவனிடம் யாரும் சொல்லவில்லை. துண்டு ஆட்ட வேண்டியவன் அன்றைக்கு நான். மேலே பார்த்து ஆட்டினேன்.

ஏழுமலை குதித்தான். நான் படுக்கையிலிருந்து பத்தடியில் நின்றேன், எனக்கு மறைப்பு எதுவும் இல்லை. கை விரிந்தது. சரியாகப் பாதியில் தாடை மார்புக்குப் போனது. சுருண்டான், திரும்பினான், முதுகு முழுசும் ஒரே நேரத்தில் பதிந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு திருப்பம். ஆனால் சத்தம் வேறாக இருந்தது. நல்ல படுக்கையில் விழுந்தால் காற்றுப் போகிற சத்தம் வரும். இது தரையில் அரிசி மூட்டை விழுந்த சத்தம். “அம்மா” என்று அவன் குரல். டைரக்டர் ஓகே என்று கத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் போர்வையோடு ஓடினேன். ஏழுமலை மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது. “டேவிட்டு, இடுப்புல இன்னாவோ ஆயிடிச்சிடா” என்றான். சொல்லிக்கொண்டே வலது முழங்காலை மடக்கினான். பிறகு இடது முழங்காலையும் மடக்கி நீட்டினான். இதை நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அதற்குள் கம்பெனி மேனேஜர் ஓடி வந்தார். “டிரஸ்ஸக் கழட்டு, டிரஸ்ஸக் கழட்டு! போட்டோக்காரன் வந்துகினு கீறான்!”

“அடி பட்டிருக்குது சார்” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா. இந்த டிரஸ்ஸோட போனா நாளைக்கிப் பேப்பர்ல வந்துடும். மொதல்ல கழட்டு.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். “மாத்திக் கூட்டிட்டுப் போங்க ராஜா” என்றார்.

போர்வை என் கையில் இருந்தது. அவனைத் தலையோடு கால் மூடி, கீழே இருந்த மெத்தையோடு நாலு பேர் தூக்கியிருந்தால் போதும். யாருக்கும் எந்த உடையும் தெரிந்திருக்காது. அது எனக்குத் தோன்றவில்லை. கொக்கி முதுகில் இருக்கிறது, கழற்ற வேண்டும் என்றால் உட்கார வைக்க வேண்டும், கை அந்த வேலையைத்தான் பழகியிருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். விழாமல் இருக்க என் முழங்காலை அவன் முதுகுக்கு அண்டை கொடுத்தேன். அவன் கத்திய கத்தலில் மேலே பாறையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கொக்கிகளைக் கழற்றினேன். ஐந்தோ ஆறோ கழற்றியிருப்பேன், கத்தல் நின்றது.

“டேய், காலு எங்கடா?” என்றான்.

கால் அவனுக்கு முன்னால் நீட்டிக் கிடந்தது. மீதிக் கொக்கிகளையும் கழற்றினேன். சட்டையை உருவி மேனேஜரிடம் கொடுத்தேன். இதைச் செய்த என்னை என்னவென்று திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் போதவில்லை.

உருவிப் போட்ட அந்த நார் மெத்தையிலேயே அவனைக் கிடத்தி வேனில் ஏற்றினோம். வேன் கிளம்பும்போது பின்பக்கம் பார்த்தேன். அதே உடையில் கதாநாயகர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். உடை மாட்டுகிறவர் கொஞ்சம் வைக்கோலை எடுத்து அவர் தலையில் தூவினார். போட்டோ எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். தென்னை மரத்திலிருந்து விழுந்தான் என்றார் மேனேஜர். அப்போதெல்லாம் நாங்கள் எல்லோருமே தென்னை மரத்திலிருந்துதான் விழுவோம். டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க கூட இருந்தீங்களா? விழுந்த உடனே காலை அசைச்சாரா?”

மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான், “இல்ல சார்” என்றேன்.

“யாராவது தூக்கி உக்கார வெச்சீங்களா?”

“இல்ல சார்.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஏழுமலைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் மைதானத்தில் மாஸ்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். ஏழுமலைக்காக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார். “லேட்டா திரும்பிட்டான் ராஜா. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரு நொடி அசந்தா இதுதான் கதி. இன்னையிலிருந்து எல்லாரும் திருப்பம் மட்டும் பழகுங்க.” கையை விரித்து, தாடையை மடித்து, எங்கே தப்பு நடந்தது என்று செய்தும் காட்டினார். படுக்கையிலிருந்து ஒரு வரிசையை உருவச் சொன்ன மனிதர், உருவின எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே அதைச் செய்து காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்களோடு சேர்ந்து திருப்பம் பழகினோம். சில மாதத்தில் ‘ஏழுமலை ஆயிடாத’ என்பது மைதானத்தில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. மூட்டை போடாமல் விட்டவர் மேல் ஒரு சொல் இல்லை. உயிரைக் கொடுத்துச் சரியாகக் குதித்தவன் பெயர் ஒரு தப்புக்குப் பெயராகிவிட்டது.

நான் அந்த மாஸ்டரிடமே இன்னும் பல வருஷம் வேலை செய்தேன். அவர் ஒரு தடவைகூடக் கீழ்க்கட்டளைக்குப் போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் போவேன். போனவன் என்ன பெரிய யோக்கியன்? ஏழுமலை கட்டிலில் சாய்ந்து கிடப்பான். உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்து, அதுதான் அவன் உடம்பு என்று வைத்து, மெதுவாகக் கீழே இறக்குவான். ஓரிடத்தில் திருப்புவான். “இங்க திரும்பினேன்” என்பான். மறுபடி தூக்குவான். “இல்ல, இங்கயோ?” நான் இருக்கிற நேரம் முழுக்க இதையே செய்வான். விளையாட்டுப் பேச்செல்லாம் போய்விட்டது. பார்க்க வருகிற ஸ்டண்ட்காரர்கள் மைதானத்தில் என்ன சொல்கிறார்கள் என்று அவனிடம் சொல்லாமல் இருப்பார்களா?

ஒருநாள் என்னை நேராகக் கேட்டான். “டேவிட்டு, நீ கீழதான நின்ன. பொய் சொல்லாத. லேட்டா?”

“கொஞ்சம் லேட்டுதான் மச்சான்” என்றேன்.

டாக்டரிடம் சொன்ன பொய்க்காவது பக்கத்தில் மேனேஜர் நின்றார் என்று ஒரு சாக்கு இருக்கிறது. இதற்கு ஒன்றும் கிடையாது. அங்கே நானும் அவனும்தான் இருந்தோம். லேட் என்று சொன்னால் தப்பு அவனோடு போய்விடும், உட்கார வைத்த கதை வெளியே வராது. அவன் தலையாட்டினான். உள்ளங்கையைக் கீழே போட்டுவிட்டான். அவன் மனைவி கன்னியம்மா அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டாள்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். உடம்பு முழுக்கப் படுக்கைப் புண், குரல் தேய்ந்துபோயிருந்தது.

“மாஸ்டர் கைல ஒண்ணு சொல்லணும் நீ. ஏழுமலை மன்னிச்சிக்கச் சொன்னான்னு சொல்லு. அவரு கூட்டத்துல ஒருத்தனுக்கும் அது மாரி ஆனதில்ல. நாந்தான் தப்பாக் குதிச்சி அவரு பேரக் கெடுத்துட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளிடம் இவன் மன்னிப்புக் கேட்பதா? பல்லைப் பெயர்த்தவனிடம் சாரி சொன்னோமே, அதே புத்தி முதுகு உடைந்தும் போகவில்லையே! கத்திவிட்டேன்.

“நீ எதுக்குடா கேக்கணும்? நீ கரெக்டாத்தான்டா திரும்பின! நான் பார்த்தேன்! ஒரு வரிசை மெத்தைய உருவிட்டோம், மூட்டை போடல, தெரிஞ்சும் நான் துண்ட ஆட்டினேன்! விழுந்தப்புறம் ரெண்டு காலையும் மடக்கின நீ! நான்தான் உன்னை உக்கார வெச்சேன்! கொக்கி கழட்டறதுக்காக உக்கார வெச்சேன்! அதுக்கப்புறம்தான்டா உன் கால் போச்சு!”

ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“அப்ப ஜம்ப்பு கரெக்டா?” என்றான்.

“கரெக்டுடா.”

“கன்னிமா! இங்க வா. வந்து கேளு. ஜம்ப்பு கரெக்டாம்!” அவன் முகத்தில் சிரிப்பு வந்ததை ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னியம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். “இன்னொரு வாட்டி சொல்றா. மொதல்லேர்ந்து சொல்லு” என்றான். சொன்னேன். மெத்தையை, துண்டை, முழங்காலை, கொக்கியை, டாக்டரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. கன்னியம்மா அதுவரை என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒன்பது வருஷம் அவனைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்ட கை அவளுடையது. என்னைப் பார்த்து, “எத்தினி வாட்டி இந்த வூட்ல குந்தி சோறு துன்னுட்டுப் போன நீ?” என்று கேட்டாள்.

ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “எங்கைல சொன்னது போதாது. கிரவுண்டுல சொல்லு. மாஸ்டர் நிக்கறப்போ, எல்லாரும் நிக்கறப்போ, சத்தமா சொல்லு. சொல்லிட்டு அப்பறமா இந்த வூட்டுக்கு வா. சொல்லாம வராத.”

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். இருபது பேருக்கு மேல் நின்றார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ராஜா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு” என்று கேட்டார். அவர் குரலைக் கேட்க வழக்கம்போல் கிட்டே போய்க் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே எல்லாம் போய்விட்டது.

“ஒண்ணுமில்ல மாஸ்டர்” என்றேன்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அடுத்த மாதம். எனக்கும் அப்போது பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள், வேறு தொழில் தெரியாது, மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் எந்த ஸ்டுடியோவிலும் வேலை கிடைக்காது. இதெல்லாம் நிஜம்தான். நிஜமாக இருந்தால் என்ன? அங்கே ஒருவன் படுத்த படுக்கையாக, என் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். இரண்டு வருஷம் கிடந்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பல்லாவரத்தில் கீழ்க்கட்டளைப் பேருந்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவன் இறந்த செய்தி மைதானத்துக்குத்தான் வந்தது. மாஸ்டர் ஒரு மாலை வாங்கி அனுப்பினார், வரவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். கூரை வீட்டின் முன்னால் பாடை கட்டியிருந்தார்கள். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“சொல்ட்டியா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். சடங்கு முடிந்து பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. ஸ்டண்ட்காரன் செத்தால் ஸ்டண்ட்காரர்கள்தான் தோள் கொடுப்போம், அது எங்களுக்குள் வழக்கம். தலைமாட்டில் ஒரு பக்கம் ஆள் குறைந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து மூங்கிலில் கை வைத்தேன்.

கன்னியம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வுடு” என்றாள். “நீ ஒரு வாட்டி அவரத் தூக்கினது போதும்.”